பிழைக்கப் போனவர்களின் படம் போடுவது எப்படி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "பாய், நீங்க மாசாமாசம் வீட்டுல படம் போடுறீங்களாமே, எங்க ஊர்லயும் செய்யணும், எப்படி ஆரம்பிக்க?" என்று கேட்டான். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது, போன் காதில் சுட்டது. பேசாமல் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரன், முஸ்லிம்கள் நிறைந்த ஊர். 1988லிருந்து ஏழெட்டு வருஷம் டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டி, வாடகைக்கு விட்டேன். கலர் டிவி, டெக், மூன்று கேசட், எல்லாவற்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கல்யாண வீடு, சடங்கு வீடு என்று போவேன். இந்திப் படம் என்றால் நானே பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வேன். கேபிள் வந்து அந்தத் தொழில் படுத்ததும் ஷார்ஜா போனேன். பதினொரு வருஷம் ஒரு லாண்டரியில் கந்தூரா தேய்த்தேன். அரபிகள் போடுகிற நீள வெள்ளை அங்கி அது. ஒரு சுருக்கம் இருந்தாலும் திரும்பி வந்துவிடும். காலை ஐந்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் லுஹர் பாங்குக்குள் (மதியத் தொழுகை அழைப்பு) வலது தோள் என்னுடையதாக இருக்காது. ஊர் திரும்பி இப்போது பஜாரில் சின்னதாகத் தேய்ப்புக் கடை. மாதம் இரண்டாம் சனிக்கிழமை, இஷா என்கிற இரவுத் தொழுகை முடிந்தபின், வீட்டு மச்சில் படம். ஆறு வருஷமாகிறது. நடுவில் கொரோனாவுக்கு ஒன்றரை வருஷம் மூடிக் கிடந்தது.

போடுவது பெரும்பாலும் ஒரே வகைப் படங்கள்தான். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கையிலிருந்து பிழைக்கப் போனவர்கள். போன இடத்தில் வருகிற உரசல். அப்புறம் குண்டு, போலீஸ், சந்தேகம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஒரு ஆளாவது கடல் தாண்டி இருக்கிறார். மீதி வீட்டில், "ஊர் எது?" என்று கேட்டவன் முகம் மாறுவதைப் பார்த்த ஆள் இருக்கிறார். சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்த என் மகனிடம் அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, ஊர்ப் பெயரைக் கேட்டதும் "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார் ஒரு வீட்டுக்காரர். இந்தப் படங்களுக்கு எங்கள் மச்சில் ஆள் சேர்வதற்கு வேறு விளம்பரம் வேண்டாம்.

படம் தேடுவது

குண்டு எத்தனையாவது நிமிடத்தில் வெடிக்கிறது என்று பார்த்துப் படம் எடுக்காதீர்கள். அதிலிருக்கிற ஆள் எத்தனை மணிக்கு எழுகிறான், என்ன வேலைக்குப் போகிறான், அந்த வேலையைக் கேமரா எவ்வளவு நேரம் பார்க்கிறது, இதைக் கவனியுங்கள். வேலையை ஒழுங்காகக் காட்டத் தெரிந்த டைரக்டருக்கு அவன் கோபத்தையும் ஒழுங்காகக் காட்டத் தெரிந்திருக்கும். நான் படம் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு கணக்கில்தான். இதுவரை ஒரு தடவைதான் பிசகியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படமாக எதைப் போடலாம் என்றால், ராமின் பஹ்ரானி 2005இல் எடுத்த 'மேன் புஷ் கார்ட்'. நியூயார்க்கில் தள்ளுவண்டியில் காபியும் பன்னும் விற்கிற பாகிஸ்தான்காரனின் கதை. பெயர் அகமது. சொந்த ஊரில் பேர்பெற்ற பாடகனாக இருந்தவன். விடிவதற்கு முன் அந்தத் தகரப் பெட்டி வண்டியைக் கார்களுக்கு நடுவே கையால் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பத் திரும்ப அதே காட்சிதான். கப்புகளை அடுக்குகிறான், டீத்தூள் பைகளை அடுக்குகிறான், கதவைத் திறக்கிறான். குண்டும் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது.

எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா உண்டு. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் முப்பது வருஷம் சுண்டல் வண்டி தள்ளியவர். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில், "அவன் தப்பா இழுக்காம்லே, இடுப்புக்குக் கீழ பிடிக்கணும்" என்றார். அதிலிருந்து மச்சே அந்த வண்டியைத்தான் பார்த்தது. கடைசியில் வண்டி திருடு போகிறது. அதைச் சொல்லிவிட்டால் படம் கெட்டுவிடாது, கவலைப்படாதீர்கள். மாமா என்னைப் பஜாரில் பார்க்கும்போதெல்லாம் மூன்று நான்கு மாதம், "அந்தப் பயலுக்கு வண்டி கெடச்சுதாலே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாக ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். தீவிரவாதி வருகிற படம் என்றால், அவன் வீட்டு அடுப்படியைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பெரிய பட்ஜெட் படங்களில் அவனுக்கு வீடே இருக்காது. குகை இருக்கும், குடோன் இருக்கும். சோறு தின்ன மாட்டான், தாடியைத் தடவுவான். சந்தோஷ் சிவன் 1998இல் எடுத்த 'தி டெரரிஸ்ட்' தமிழ்ப் படம்தான், நம்மில் பலர் பார்த்ததில்லை. தற்கொலைத் தாக்குதலுக்குத் தேர்வான மல்லி என்ற பெண், பேச்சுத் துணைக்கு ஏங்குகிற ஒரு பெரியவர் வீட்டில் தங்குகிறாள். அந்த வீட்டில் அவர் மனைவி வருஷக்கணக்காகக் கண்ணைத் திறந்தபடியே நினைவில்லாமல் கிடக்கிறார். மல்லிக்குத் தன் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியவருகிறது. மச்சில் பின்வரிசைப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே பார்ப்பார்கள். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. பீடி சுற்றுகிற கை நிற்பது சாதாரணமில்லை, அது கூலி.

இதே கணக்கில் பழைய படங்களையும் திரும்பப் பார்க்கலாம். 'ரோஜா' நாயகிக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம், தென்காசிப் பக்கம். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை எங்கள் மாவட்டம்தான். 1992இல் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது, கொடி எரிகிற காட்சியில் கதாநாயகன் அதன்மேல் விழுந்து புரண்டு அணைக்கிறான், நானும் சேர்ந்து கைதட்டினேன். ஷார்ஜாவிலிருந்து வந்தபிறகு டிவியில் பார்த்தேன். கொடி எரியும்போது பக்கத்தில் ஒருவன் தொழுதுகொண்டிருக்கிறான். அவனை ஏன் அந்த நேரத்தில் தொழ வைத்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடவையும் பார்த்தது ஒரே ஆள்தான். இதையும் மச்சில் சொல்லியிருக்கிறேன். சொல்லவேண்டும், நாமே கைதட்டியதை மறைத்துவிட்டுப் பேசினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, கணக்கு பிசகிய கதை. 'மை ப்யூட்டிஃபுல் லாண்ட்ரெட்' 1985இல் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் எடுத்தது, ஹனிஃப் குரேஷி எழுதியது. முதலில் டிவிக்காக எடுத்த படம். லண்டனில் பாகிஸ்தான் குடும்பத்துப் பையன் ஒருவன் சித்தப்பாவின் பாழடைந்த லாண்டரியை எடுத்து நடத்துகிறான். லாண்டரி என்றதும் எனக்கு ஒரு ஆசை. பார்த்தால் அங்கே யாரும் துணி தேய்க்கவே இல்லை! காசு போட்டால் மெஷின் துவைக்கிறது, அவ்வளவுதான். இந்தப் படம் நமக்கு ஆகாது என்று முடிவுகட்டினேன். ஆனால் அந்தச் சித்தப்பா, வாடகை கொடுக்காதவனைத் தெருவில் தள்ளும்போது, தான் பாகிஸ்தான்காரனாக இருப்பதற்குச் சம்பளம் வாங்கவில்லை, வியாபாரம் பண்ணுகிறேன் என்ற அர்த்தத்தில் ஒன்று சொல்வார். ஷார்ஜாவில் எங்கள் முதலாளி மலையாளி. அவர் முகம் அப்படியே தெரிந்தது. படத்தில் இரண்டு பையன்களுக்கு நடுவே காதல், முத்தம் எல்லாம் உண்டு. இதை முப்பது பேரைக் கூட்டிப் போட எனக்குத் தைரியமில்லை. ஆறு பேரோடு பார்த்தேன். உங்கள் ஊர் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வசனத்தைத் தமிழாக்குவது

இதில்தான் பாதி உழைப்பு. நல்ல தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் மெஷின் தமிழாக இருக்கும். நீங்களே எழுதலாம். நோட்பேட் போதும். முதல் வரியில் ஒரு எண். அடுத்த வரியில் தொடங்குகிற நேரம், முடிகிற நேரம்: 00:04:12,500 --> 00:04:15,000, இப்படி. அதன் கீழே வசனம். அப்புறம் ஒரு வரி காலி விட்டு அடுத்த எண். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (UTF-8) என்று தேர்ந்தெடுக்காவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும். படத்தின் ஃபைல் பெயரையே இதற்கும் வைத்து, கடைசியில் எஸ்ஆர்டி (.srt) என்று முடித்து, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சி பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும். எழுத்து உடைந்து வந்தால் செட்டிங்கில் ஃபான்ட்டை லதாவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். எங்கள் மச்சில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கதாபாத்திரம் முழ நீளத்துக்குப் பேசினாலும் நீங்கள் சுருக்கியே ஆகவேண்டும். கடை சாத்தியபின் ராத்திரிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு ஒரு படத்துக்கு மூன்று வாரம் ஆகிறது.

திட்டுச் சொற்கள்தான் கழுத்தறுக்கும். 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். 1999இல் வந்த படம், கதை 1971இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் நடக்கிறது. ஓம் பூரி அதில் ஜார்ஜ் கான், மீன் வறுத்து விற்கிற கடைக்காரர், மனைவி வெள்ளைக்காரி, வீடு நிறையப் பிள்ளைகள். பாகிஸ்தான்காரர்களை அங்கே 'பாக்கி' என்று திட்டுவார்கள். அந்த ஒரு சொல்லில் எத்தனை அடி உதை இருக்கிறது என்று இங்கிலாந்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லை அப்படியே வைப்போம் என்று நானும் 'பாக்கி' என்றே எழுதினேன். திரையில் அந்தச் சொல் வந்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த மளிகைக் கடைக்காரர் சத்தமாக, "எவ்வளவு பாக்கியாம்?" என்று கேட்டார். மச்சே சிரித்தது. காட்சி செத்தது.

மறுபடி போடுமுன் யோசித்தேன். நம்மூரில் நம்மைச் சொல்கிற ஏச்சு 'துலுக்கப் பய'. அதைப் போட்டுவிடலாமா? ஆனால் பொருள் தப்பு. அந்த ஊரில் 'பாக்கி' என்று அடி வாங்கினவர்களில் குஜராத்தி இந்து உண்டு, சீக்கியர் உண்டு, வங்காளி உண்டு. அடிக்கிறவன் மதம் கேட்பதில்லை, தோலைத்தான் பார்க்கிறான். தாராவியில் தோல் கிட்டங்கியில் இருந்துவிட்டு வந்த ஒரு காக்காவிடம் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டேன். "பம்பாயில எங்கள மொத்தமா லுங்கிவாலாம்பான், நாடார்னு பாக்க மாட்டான், பாய்னு பாக்க மாட்டான்" என்றார். பொருள் அதுதான், ஆனால் லுங்கி என்று போட்டால் மறுபடி சிரிப்பார்கள். கடைசியில் 'பாக்கிப் பயலே' என்று எழுதினேன். படம் ஆரம்பிக்குமுன் அந்தச் சொல்லைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னேன், காக்காவையும் லுங்கிவாலா கதையைச் சொல்ல வைத்தேன். 'பயலே' என்ற ஒரு சொல் சேர்ந்ததும் ஏச்சு காதில் விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வாப்பாமார் எல்லாரும் ஜார்ஜ் கான் பக்கம்தான் இருந்தார்கள், அவன் பெண்டாட்டியை அடிக்கிற வரைக்கும்.

இடம், திரை, நேரம்

எட்டு முழ வெள்ளை வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, மேலும் கீழும் மூங்கில் கம்பு கோத்தால் திரை. தையல் சரியாக நடிகர்களின் மூக்குக்கு நேரே வராதபடி, நடுவில் இல்லாமல் கீழே இறக்கித் தையுங்கள். நான் முதலில் நடுவில் தைத்துவிட்டு ஒரு வருஷம் அவதிப்பட்டேன். கரைச் சரிகை வெளிச்சத்தில் மின்னும், வெட்டிவிடுங்கள். புரொஜெக்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் போதும், ஆனால் பல்பு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மெனுவில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். உட்கார நாற்காலி வேண்டாம், பாய் போதும். பத்தமடைக் கோரைப்பாய் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் சூடு தெரியாது.

பீடி சுற்றுகிறவர்கள் வந்தால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், திரைக்கு இருட்டு வேண்டும். பின்சுவரில் ஒரு சின்ன பல்பை மாட்டி, மேலே பால் டின்னைக் கவிழ்த்து, வெளிச்சம் தட்டில் மட்டும் விழும்படி செய்தேன். ஆனால் கண் தட்டில் இருந்தால் சப்டைட்டிலை யார் படிப்பது? அதனால் வசனத்தை வாசித்தும் காட்டுகிறேன், படத்தின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. டெக் காலத்துத் தொழில் கைகொடுக்கிறது. குரலை மாற்றி மாற்றி நடிக்காதீர்கள். நியூஸ் வாசிப்பது மாதிரி சொன்னாலே போதும், நடிப்பைத் திரையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

இஷாவுக்குப் பிறகு ஆரம்பித்தால் நடுவில் பாங்கு வராது. இரண்டு மணி நேரத்துக்கு மேலான படத்தைப் பிரித்துப் போடுங்கள். பாகிஸ்தானில் சோயிப் மன்சூர் 2007இல் எடுத்த 'குதா கே லியே'வை நான் இரண்டு சனிக்கிழமையாகப் போட்டேன். இடைவேளைக்குச் சுக்குக் காப்பி, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு தடவை முட்டை போண்டா போட்டுவிட்டு அரைமணி நேரம் ஆளைத் திரும்ப உட்கார வைக்க முடியவில்லை.

ஒரு விஷயம், வீட்டு ஆட்களும் தெரிந்தவர்களும் உட்கார்ந்து பார்ப்பது வேறு. நோட்டீஸ் ஒட்டி, டிக்கெட் போட்டு, மண்டபம் பிடித்துக் கூட்டம் சேர்ப்பது வேறு. அதற்குப் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கவேண்டும். அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு மண்டபம் மேல் ஆசை இருப்பது பேச்சிலேயே தெரிந்தது, அதனால் சொல்கிறேன்.

படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம்

கதை சொல்லிவிடாதீர்கள், அந்த ஆள் ஏன் அந்த ஊருக்குப் போனான் என்று மட்டும் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் போட்டால் நம் ஆட்கள் எல்லாரையும் துபாய் போனவன் மாதிரியே பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு 'மை சன் தி ஃபெனட்டிக்', 1997. இதுவும் குரேஷியின் கதை, உதயன் பிரசாத் எடுத்தார், ஓம் பூரி பிராட்ஃபோர்டில் டாக்சி ஓட்டுகிற பர்வேஸ். மகன் கிதாரை விற்கிறான், கல்யாணத்தை முறித்துக்கொள்கிறான், வீட்டுக்கு ஒரு மௌலவியைக் கூட்டி வருகிறான். அப்பாவோ ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டுக் கீழறையில் உட்கார்ந்து பழைய ஜாஸ் ரெக்கார்ட் கேட்கிற ஆள். பிராட்ஃபோர்டில் எப்படி இத்தனை பாகிஸ்தான்காரர்கள்? அது துணி மில் ஊர். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் தேவைப்பட்டது. 1960களில் மீர்ப்பூர் பக்கம் மங்களா அணை கட்டியபோது லட்சம் பேருக்கு மேல் ஊரை இழந்தார்கள், அதில் நிறையப் பேர் இங்கிலாந்து போனார்கள். அப்புறம் மில்கள் மூடின. மில்லில் நின்றவர்கள் டாக்சி ஓட்டினார்கள். மேலப்பாளையமும் ஒரு காலத்தில் தறி ஊர். 'தறி நின்னதும் பீடி வந்த மாதிரி' என்று நான் சொன்னதும் பின்வரிசையில் தலைகள் ஆடின. 1989 ஜனவரியில் அதே பிராட்ஃபோர்டில் சல்மான் ருஷ்டியின் 'தி சாட்டானிக் வெர்சஸ்' நாவலை, இஸ்லாத்தை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி எரித்தார்கள் என்பதையும் சொன்னேன். அது தெரிந்தால்தான் அந்த மகனுடைய தலைமுறை புரியும்.

'மிசிசிப்பி மசாலா'வுக்கு (மீரா நாயர், 1991) இடி அமீனைச் சொல்லவேண்டும். 1972இல் உகாண்டாவிலிருந்த ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்து வெளியேற்றினார். இதற்கு எங்கள் பக்கம் விளக்கமே வேண்டாம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், சிலோனிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதிக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் வந்த சிலோன்காரக் குடும்பங்கள் நம் சுற்று வட்டாரத்தில் உண்டு. கடையநல்லூர்ப் பக்கம் போட்டால் சிங்கப்பூரிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். அங்கே அவர்கள் சங்கம் வைத்து, உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தியவர்கள்.

2001 செப்டம்பருக்குப் பிந்திய கதை என்றால் இரண்டு விஷயம் போதும். கோபுரம் விழுந்த நான்காம் நாள் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற பெட்ரோல் பங்க்காரரைத் தலைப்பாகையைப் பார்த்துச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷம் தொடங்கி 25 நாடுகளிலிருந்து வந்திருந்த 16 வயது தாண்டிய ஆண்களை ஆபீசுக்கு வந்து கைரேகை கொடுக்கச் சொன்னது அமெரிக்க அரசு. பாகிஸ்தானும் வங்காளதேசமும் அந்தப் பட்டியலில் இருந்தன, இந்தியா இல்லை. இதைச் சொன்னபின் 'நியூயார்க்', 'குதா கே லியே', மீரா நாயரின் 'தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்', எதைப் போட்டாலும் பின்னணி பிடிபடும். இந்த மூன்றில் 'நியூயார்க்' (2009) எனக்குப் பிடிக்காது. சிறையில் அடிக்கிற காட்சி நீளும், அந்தப் பையன் வெளியே வந்து என்ன வேலை செய்து பிழைத்தான் என்பது மனதில் நிற்காது.

படத்துக்குப் பிறகு பேசுவது

லைட்டைப் போட்டதும் "யார் பண்ணது சரி?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இரண்டு கட்சியாகிவிடும், கடைசியில் படத்தை விட்டுவிட்டு டிவி விவாதம் நடக்கும். நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அவன் எத்தனை மணிக்கு எழுந்தான்? அடுத்தது, சம்பளத்தை யாருக்கு அனுப்பினான்? இதற்குப் பதில் சொல்ல எல்லாராலும் முடியும். சவுதியில் பிளம்பிங் பார்த்தவர், மலேசியாவில் பரோட்டா அடித்தவர், எல்லாரும் தங்கள் கணக்கைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அரைமணி நேரம் இப்படிப் போனபின் யாராவது ஒருவர் தானாகவே, "அந்தப் பையன் ஏன் அப்படிப் போனான்?" என்று கேட்பார். அதற்குக் காத்திருங்கள். நீங்களாக இழுக்காதீர்கள்.

சண்டை வரும். 'விஸ்வரூபம்' பற்றிப் பேசிய ராத்திரி ஒருவர் எழுந்தே போய்விட்டார். 2013 ஜனவரியில் அந்தப் படத்துக்கு இரண்டு வாரம் தமிழ்நாட்டில் தடை இருந்தது, சில இடங்களில் சத்தத்தைக் குறைத்துப் பிப்ரவரி 7இல்தான் இங்கே வந்தது. நான் அன்றே சொன்னேன், தடை தப்பு. படம் பார்த்தவருக்கு வலித்தது என்றால் அந்த வலியும் பொய் இல்லை. இதில் பாதியை மட்டும் ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எழுந்து போனவர் வீட்டுக்கு மறுநாள் நானே போய்ச் சாயா குடித்துவிட்டு வந்தேன். கூட்டம் நடத்துகிறவர் இதைச் செய்யத்தான் வேண்டும்.

பயமும் வரும். 2024 நவம்பரில் எங்கள் ஊரில் 'அமரன்' ஓடிக்கொண்டிருந்த தியேட்டர் வளாகத்தில் ஒரு நாள் அதிகாலை பெட்ரோல் குண்டு வீசினார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் மதியத்துக்குள் ஊர்ப் பெயர் எல்லா சேனலிலும் ஓடியது. சென்னையிலிருந்து மகன் போன் செய்து, "வாப்பா, அடுத்த மாசம் என்ன படம்?" என்றான். டிசம்பருக்கு 'ஃபோர் லயன்ஸ்' வைத்திருந்தேன். 2010இல் கிறிஸ் மாரிஸ் எடுத்தது, குண்டு வைக்கத் துடிக்கிற நாலைந்து இங்கிலாந்து மடையன்களைப் பற்றிய நகைச்சுவை. போடவில்லை. பயம்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன். 'நேம்சேக்' போட்டேன், இர்பான் கானும் தபுவும் காப்பாற்றினார்கள்.

பிப்ரவரியில் ஒன்பது பேரோடு 'ஃபோர் லயன்ஸ்' பார்த்தோம். அதில் ஒருவன் காகத்துக்கு வெடி கட்டிப் பழக்குவான். எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன், அதனால் சப்டைட்டிலில் ஞாபகமாகக் 'காகம்' என்றே போட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு இன்ஜினியரிங் பையன் கேட்டான்: "இவனுங்க எல்லாரையும் மடையனா காட்டிட்டா, நெசமா வர்றவனும் மடையனாத்தான் இருப்பான்னு நாம அசந்துற மாட்டோமா மாமா?" என்னிடம் பதில் இல்லை. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், படத்தின் பெயர், தேதி, யார் என்ன கேட்டார் என்று. ஒரு வருஷம் கழித்து அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்க அதுதான் உதவும். 'தீபன்' போடச் சொன்னது அந்த நோட்டுதான். 'தி டெரரிஸ்ட்' பார்த்த ராத்திரி ஒரு லாத்தா (அக்கா), "சண்டையில செத்தவளக் காட்டுறாவ, தப்பிச்சுப் போனவ என்ன ஆனா?" என்று கேட்டிருந்தார்.

அடுத்த மாதம் அதுதான். ஜாக் ஓடியார் எடுத்தது, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. முன்பின் தெரியாத ஒரு ஆணும் பெண்ணும் ஒரு சிறுமியும் இலங்கையிலிருந்து ஒரே குடும்பம் என்று பொய் சொல்லிப் பாரிஸ் புறநகருக்குப் போகிறார்கள். நாயகனாக எழுத்தாளர் ஷோபாசக்தி. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்கி, தபால் பிரித்துப் போடுகிற வேலை, அதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாதிக்கு மேல் தமிழ்தானே, பிரெஞ்சுக்கு மட்டும் எழுதினால் போதும் என்று சந்தோஷப்பட்டேன். ஓட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணப் பேச்சு எங்கள் பெண்களுக்குச் சில இடத்தில் பிடிபடவில்லை. தமிழுக்கே தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேட்டியைத் துவைத்துத் தேய்த்து வைத்தாகிவிட்டது. இன்னும் நாற்பது நிமிடப் படம் பாக்கி.